ஓமலூர் ஏரியில் மூன்றரை நாள்

கும்பகோணத்துக்காரன் சேலத்துக்குப் போய்வந்ததைப் பிரயாணக் கட்டுரையாக எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். லண்டனுக்கும் பினாங்குக்கும் போனவர்கள் எழுத வேண்டியதைப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஒருவன் ஏன் எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது. சேலத்துக்கு நான் ரயிலில்தான் போனேன். ஆனால் போன இடத்தில் ஏழு நிமிஷம் பூமியை விட்டு விலகியிருந்தேன். அந்த ஏழு நிமிஷத்துக்காக மூன்றரை நாள் காய்ந்த ஏரியொன்றில் உட்கார்ந்திருந்தேன். பினாங்குக்குப் போனவர்களுக்கு இந்தப் பெருமை கிடையாது.

அப்போது கோடை விடுமுறை. என் அக்கா வீட்டுக்காரர் சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருந்தார். அவர்தான் கார்டு எழுதியிருந்தார். யாரோ ஒரு கம்பெனியார் ஆகாய விமானம் கொண்டுவருகிறார்களாம். ஓமலூருக்குப் பக்கத்து ஏரியில் இறக்கி, டிக்கெட் வாங்கியவர்களை இரண்டிரண்டு பேராக ஏற்றி வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்களாம். உனக்கு ஒரு டிக்கெட் வாங்கியாயிற்று, உடனே புறப்பட்டு வா.

"உங்களுக்கு வாங்கலியா அத்தான்?" என்று போனதும் கேட்டேன்.

"எனக்கு ரத்தக்கொதிப்பு. நீ போய்ட்டு வந்து ஒண்ணு விடாமச் சொல்லு. ஆபீசுல நான் சொல்லிக்கிறேன்" என்றார். ஆபீசில் யார் பறந்ததாகச் சொல்லப்போகிறார் என்பதை மட்டும் அவர் விளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் பஸ் ஏறினோம். எங்கள் ஊர்ப் பஸ் மெதுவாகப் போனாலும் போய்க்கொண்டே இருக்கும். சேலத்துப் பஸ் வேகமாகப் போய் நின்றுவிடும். ஓமலூர் போவதற்குள் மூன்று முறை நின்றது. மூன்றாம் முறை எஞ்சின் மூடியைத் திறந்தபோது ஆவி ஆள் உயரத்துக்குக் கிளம்பியது. டிரைவர் ஒரு கிணற்றைத் தேடிக்கொண்டு சோளக்காட்டுக்குள் இறங்கிப் போனார். அவர் தண்ணீரோடு திரும்பியபோது மணி ஒன்பதரை. விமானம் பத்து மணிக்கு என்று நோட்டீசில் போட்டிருந்தது. நான் தவித்தேன். மேலே போவதற்கு முன்னால் எத்தனையோ விஷயத்துக்குத் தவித்திருக்கலாம், நேரத்துக்காகத் தவித்தேன்.

ஏரி என்றால் எங்கள் பக்கத்தில் அதில் தண்ணீர் இருக்கும். ஓமலூர்ப் பக்கத்தில் சித்திரை மாதத்து ஏரி என்பது கரை வைத்த மைதானம். பாளம் பாளமாக வெடித்திருந்த தரையைத் தட்டிச் சமப்படுத்தி, நடுவில் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். கரையோரம் ஒரு டேரா. டேராவுக்குள் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு சோலாத் தொப்பி, தொப்பிக்குக் கீழே கம்பெனி மானேஜர். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. ஏரிக்குள் மாட்டு வண்டிகளும் ஜனங்களும் நிறைந்திருந்தார்கள். கரையெல்லாம் கடை. மல்கோவா மாம்பழக் கூடை, தட்டுவடை, நீர்மோர், பணியாரம். திருவிழாவில் சாமி மட்டும் இன்னும் வரவில்லை.

பதினொன்றரை மணிக்கு மானேஜர் விசில் ஊதினார். "பெங்களூரில் காற்று சரியில்லை. விமானம் மத்தியானம் வரும்" என்றார். மூன்று மணிக்கு மறுபடி ஊதினார். "பெங்களூரில் காற்று சரியாகிவிட்டது. விமானம் நாளை வரும்" என்றார்.

நடுவிலிருந்த நேரத்தில்தான் நான் நிபுணன் ஆனேன். நானாக ஆகவில்லை. கோட்டும் தலைப்பாகையும் மூக்குக்கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கையில் இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றை விரித்தபடி புளியமர நிழலில் உட்கார்ந்தால் ஜனங்கள் விடமாட்டார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, றெக்கைய அடிக்குமுங்களா, சும்மா விரிச்சுக்கிட்டே வருமுங்களா?"

"அடிக்காது. பருந்து மிதக்குறாப்பல வரும்" என்றேன்.

"சாமி கிட்டத்துல பாத்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன்" என்றேன். நான் பார்த்தது பத்திரிகையில் வந்த படம். அதைப் பார்த்துக் கரும்பலகையில் வரைந்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். படத்தைக் கிட்டத்தில் வைத்துத்தான் பார்த்தேன் என்பதால் சொன்னது முழுப்பொய் என்று சொல்ல முடியாது. என்னைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அத்தான் என்னை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். பறந்ததாகச் சொல்ல வேண்டியவருக்கு இந்த அறிமுகம் தொந்தரவாக இருந்திருக்கும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். நாற்பது வயது இருக்கும். ஜலகண்டாபுரத்து நெசவுக்காரர், பெயர் ஆறுமுகம். பக்கத்தில் அவர் மனைவி நின்றாள். அவள் பத்திரிகையையும் பார்க்கவில்லை, ஆகாயத்தையும் பார்க்கவில்லை. பேசுகிறவர்களின் வாயையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு விசயங் கேக்கோணுமுங்க சாமி. இவ எஞ் சம்சாரமுங்க, செல்லம்மா. நாலு வருசத்துக்கு முந்தி வெசக்காய்ச்சல் வந்து ரெண்டு காதும் போயிருச்சுங்க. பாக்காத வைத்தியமில்லீங்க. எங்கூருக் கம்பவுண்டரு சொன்னாரு, சீமையில ஒரு செவிட்டுப் பொம்பளைய ஏரோப்ளேன்ல மேல கொண்டுபோயிச் சடக்குனு கீழ எறக்குனாங்களாம். காது தொறந்துக்கிச்சாம். பேப்பர்லயே வந்துச்சாமுங்க. அத நம்பி இவளுக்கு ஒரு டிக்கெட்டும் வாங்கிட்டேனுங்க. நெசமுங்களா?"

நான் அப்படி எதையும் படித்ததில்லை. 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். நாலெழுத்து வார்த்தைதான். ஆனால் இத்தனை நேரம் எல்லாம் தெரிந்தவனாக உட்கார்ந்திருந்தவனுக்குப் பதினைந்து முகங்களுக்கு நடுவில் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"ஆமா, நானும் படிச்சேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பாதகமில்லை. "மேலே காத்தோட அழுத்தம் குறைவு. கீழே வரும்போது கூடும். அந்த வேகத்துல அடைப்பு விலகும்" என்று காரணமும் சொன்னேன்.

ஆறுமுகம் மனைவி பக்கம் திரும்பினார். உள்ளங்கையை மேலே கொண்டுபோய்ச் சரேலென்று இறக்கினார். தன் காதைத் தொட்டு, மூடிய விரல்களை விரித்தார். பிறகு என்னைக் காட்டி, பத்திரிகை படிப்பதுபோல இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அந்தப் பெண் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நான் பத்திரிகையைப் பார்த்தேன்.

"இன்னைக்கு வரலீன்னா ஊட்டுக்குப் போயிரலாம்னு இருந்தோமுங்க. தறி நிக்குது. நீங்களே படிச்சீங்கன்னா, இருந்து பாத்துட்டே போறமுங்க" என்றார் ஆறுமுகம்.

அவர்கள் ஓமலூர்ச் சத்திரத்தில் தங்கிக்கொண்டார்கள். நான் அஸ்தம்பட்டிக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமை அத்தானுக்கு ஆபீஸ். நான் தனியாகப் போனேன். பஸ் நாலு முறை நின்றது. மானேஜர் உற்சாகமாக இருந்தார். "விமானம் பெங்களூரை விட்டுப் புறப்பட்டுவிட்டது" என்று தந்தியை ஆட்டிக் காட்டினார். ஏரியில் இருந்த அத்தனை பேரும் கழுத்தை நிமிர்த்தினோம். ஒரு பருந்து வந்தது. கூட்டம் எழுந்து நின்றது. பருந்து போயிற்று. கூட்டம் உட்கார்ந்தது. இப்படி மத்தியானம்வரை எழுந்து உட்கார்ந்தோம். புறப்பட்டது நிச்சயம் என்று மானேஜர் திரும்பத் திரும்பச் சொன்னார். வந்து சேர்வதைப் பற்றித் தந்தியில் எதுவும் இல்லை.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஓமலூரில் காபி என்று கொடுத்ததைக் குடித்தேன். வெல்லம் போட்டிருந்தார்கள், வேறு என்ன போட்டிருந்தார்கள் என்று கேட்கத் துணியவில்லை. மத்தியானம் பசி கண்ணைக் கட்டியது. செல்லம்மாள் ஒரு சட்டியைத் திறந்து, மந்தாரை இலையில் ராகிக் களியை உருண்டையாக வைத்து, நடுவில் குழி செய்து கொள்ளுக் கடைசலை ஊற்றி என் முன்னால் நகர்த்தினாள். எங்கள் ஊரில் மூன்று வேளையும் நெல்லுச்சோறு. களியைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. வாயில் போட்டு மென்றேன். அது பல்லோடு பல்லாக ஒட்டிக்கொண்டது. அவள் சிரித்தாள். தாடையைத் தொட்டு விரலை ஆட்டினாள்: மெல்லக் கூடாது. ஒரு துண்டைப் பிய்த்து, குழம்பில் தோய்த்து, தொண்டையைத் தடவிக் காட்டினாள்: அப்படியே விழுங்கு. வாயைத் திறக்காமல் அவள் சொன்னது, எங்கள் தலைமையாசிரியர் அரைமணி நேரம் பேசிச் சொல்வதைவிடத் தெளிவாக இருந்தது. இரண்டு உருண்டை சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் ஆறுமுகம் வெற்றிலை மடித்துக்கொண்டே பேசினார்.

"முன்னெல்லாம் அடுப்படியில இருந்துக்கிட்டே சொல்லுவாளுங்க. தறிச் சத்தத்துல வித்தியாசந் தெரியுதே, நூலு அந்துருச்சு பாருங்கன்னு. எனக்குத் தெரியறதுக்கு முந்தி அவளுக்குத் தெரியும். அதுகூடப் போவட்டுமுங்க. சின்னவன் பொறந்தது காது போனதுக்கப்பறம். இப்ப அவனுக்கு மூணு வயசு. அவங் கொரல் எப்படியிருக்கும்னு இவளுக்குத் தெரியாதுங்க. ராத்திரி அழுதானா நாந்தான் தொட்டு எழுப்போணும்."

சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

"ஆறுமுகம், அந்தப் பேப்பர் விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

விசில் ஊதியது. எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். "இன்று காற்றில்லை, நாளை நிச்சயம்" என்றார் மானேஜர். திரும்ப உட்கார்ந்தபோது, "என்னமோ சொன்னீங்களே சாமி" என்று ஆறுமுகம் கேட்டார். இந்தப் பக்கத்தில் மாம்பழம் எப்போது மலிவாகும் என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உண்மை வெளிவந்தது. மானேஜர் விசிலை ஊதாமல் வாயில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். தர்மபுரிக்கு அந்தப் பக்கம் எண்ணெய்க் குழாயில் ஏதோ கோளாறாகி, விமானம் ஒரு காட்டில் இறங்கியதாம். ஓட்டிவந்த துரை குழாயைச் சரிசெய்துவிட்டுப் படுத்துத் தூங்கியிருக்கிறார். எழுந்து பார்த்தால் ஒரு மாடு இறக்கையைத் தின்றுகொண்டிருந்ததாம்.

"எதைத் தின்றது?" என்று பின்னாலிருந்தவர்கள் கேட்டார்கள்.

"இறக்கையை. முழுவதையும் அல்ல. ஒரு ஓரத்தை மட்டும்" என்றார் மானேஜர்.

முதல் நாள் என்னைக் கேள்வி கேட்ட பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மாடு திங்கிற சாமானுலயா மனுசன ஏத்தறாங்க? நம்ம வண்டியே தேவலீங்க" என்று காளைகளைப் பூட்டினார். அவருக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாகப் புறப்பட்டன. பணியாரக்காரி அடுப்பை அணைத்தாள். எனக்குள்ளே ஒரு நிம்மதி பரவியது. இனி ஆறுமுகமும் போய்விடுவார். விமானம் ஏமாற்றியதாக இருக்கும். நான் ஏமாற்றியதாக இருக்காது.

ஆறுமுகத்தின் முகமோ மலர்ந்திருந்தது.

"துணிங்களா சாமி அது? தகரம்னுல்ல நெனச்சேன்."

"துணிதான். மேலே ஒரு மெருகு பூசியிருக்கும். அதோட வாசனைக்கு மாடு வந்திருக்கும்" என்றேன். இது மட்டும் நான் நிஜமாகவே படித்தது.

"துணின்னா எனக்குப் பயமில்லீங்க. பாத்துட்டே போறமுங்க" என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு ரயில். காலையில் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். பஸ் எங்கேயும் நிற்கவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏரியில் மொத்தம் முப்பது பேர் இருந்தால் அதிகம். ஒன்பது மணிக்கு எங்கிருந்தோ உறுமல் கேட்டது. ஆளுக்கொரு திசையில் தேடினோம். சத்தம் மலையில் பட்டுத் திரும்பியதால் யாருக்கும் பிடிபடவில்லை. செல்லம்மாள்தான் எழுந்து நின்று வடக்கே கையை நீட்டினாள். ஒரு புள்ளி. புள்ளிக்கு இறக்கை முளைத்தது. ஏரிக்கரையை உரசுவதுபோல வந்து, இறங்கி, புழுதியைக் கிளப்பி, சுண்ணாம்புக் குறியைத் தாண்டி வெகுதூரம் ஓடி நின்றது.

இரண்டடுக்கு இறக்கை. முன்னால் ஒரு குழியில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்காரலாம். பின்னால் துரைக்கு ஒரு குழி. மேலே கூரை கிடையாது. துரைக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அவர் மானேஜரிடம் இங்கிலீஷில் சொன்னது இது: "பெட்ரோல் நாலு சுற்றுக்குத்தான் வரும். பத்தரைக்கு மேல் காற்று கிளம்பிவிடும். சீக்கிரம் ஏற்று. மாட்டைப் பற்றி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்."

ஆறுமுகம் நேரே இறக்கையிடம் போனார். ஒட்டுப்போட்ட இடத்தை இரண்டு விரலால் தடவினார். குனிந்து இழையை எண்ணினார். நகத்தால் தையலை இழுத்துப் பார்த்தார்.

"பழைய துணி நல்ல நெருக்கமுங்க. ஒட்டுத் துணி கொஞ்சம் சல்லடைதான். ஆனா தையல் பரவால்லீங்க. தாங்குமுங்க" என்றார். எத்தனை நேரம் தாங்கும் என்று நான் கேட்கவில்லை.

டிக்கெட் வரிசைப்படி நானும் செல்லம்மாளும் முதல் சுற்று. தப்பிக்க ஒரு வழி தோன்றியது. "நீங்க அவங்களோட போங்க ஆறுமுகம். என் டிக்கெட்டை எடுத்துக்கங்க. புருஷன் கூட இருந்தா அவங்களுக்கும் தைரியமா இருக்கும்" என்றேன். இதைப் பெருந்தன்மை என்று யாராவது நினைத்தால் நான் மறுக்கப்போவதில்லை.

ஆறுமுகம் தலையை ஆட்டினார். "ஊட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. ஒருத்தராச்சும் கீழ இருக்கோணுமில்லீங்க? நீங்க வெவரந் தெரிஞ்சவரு. கூடப் போங்க சாமி. காது தொறந்துச்சுன்னா அங்கியே ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க."

ஏறி உட்கார்ந்தோம். எங்களுக்கு நடுவில் ஆறுமுகம் ஒரு துணி மூட்டையை வைத்தார். துரை எங்கள் இருவரிடமும் பஞ்சு நீட்டி, காதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆறுமுகம் பதறிப்போனார். "பஞ்சு வெச்சா எப்படிங்க தொறக்கும்?" என்று என்னைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் எப்படி வைத்துக்கொள்வது? வேண்டாம் என்று கையசைத்தேன். மானேஜர் துரையிடம் அந்தப் பெண்ணின் காதைப் பற்றிச் சொன்னது கேட்டது. துரை தோளைக் குலுக்கினார். "செங்குத்தாக இறக்குகிறேன். கெடுதல் ஒன்றும் வராது" என்றார்.

அதுதான் நான் கடைசியாகக் கேட்ட பேச்சு. எஞ்சின் முழங்க ஆரம்பித்தது. ஏரிக்கரை எங்களை நோக்கி ஓடிவந்து, காலுக்குக் கீழே போய் மறைந்தது.

மேலே போனதும் நான் செய்த முதல் காரியம் கத்தியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அங்கே எவனுக்கும் காது கிடையாது. எனக்குக் கை கால் ஓடவில்லை. செல்லம்மாளுக்கோ எந்த வித்தியாசமும் இல்லை. நாலு வருஷமாக அவள் இருந்த இடம்தான் அது. அவள் என் முழங்கையைத் தட்டினாள். கிழக்கே கை நீட்டி மலையின் வடிவத்தைக் காற்றில் வரைந்தாள்: சேர்வராயன் மலை. மேற்கே ஒரு வெள்ளிக் கோடு மின்னியது. கையால் அணைபோட்டுக் காட்டினாள்: மேட்டூர். கீழே சரபங்கா நதி வெறும் மணலாக வளைந்து கிடந்தது. அவள் தறி நாடாவை வீசுவதுபோல இரண்டு கையையும் இடமும் வலமும் ஆட்டி, மிதிப்பதுபோலக் காலை அசைத்து, தென்மேற்கே காட்டினாள். அங்கே ஜலகண்டாபுரம். இடுப்புயரத்தில் ஒரு உள்ளங்கை, அதற்கும் கீழே இன்னொன்று: பிள்ளைகள்.

பிறகு என்னைக் காட்டி, மார்பில் கைவைத்துப் படபடவென்று அடித்துக் காட்டினாள். பயமா என்று கேட்கிறாள். இல்லை என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. நான் தலைப்பாகையைக் கழற்றி அதற்குள் வாந்தி எடுத்தேன். அவள் என் பிடரியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தலைவலிக்காரப் பிள்ளையைப் பிடிப்பதுபோல, ஒரு கூச்சமும் இல்லாமல்.

துரை சொன்னபடி செங்குத்தாக இறக்கினார். வயிறு மேலேயே தங்கிவிட்டது. என் இரண்டு காதிலும் ஆணி அடித்ததுபோல வலித்து, பிறகு அடைத்துக்கொண்டது. செல்லம்மாள் கண்களை மூடிக்கொண்டாள். இரண்டு காதையும் பொத்தித் திறந்தாள். மறுபடி பொத்தித் திறந்தாள். ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். இல்லை. உடனே வெளியே திரும்பிவிட்டாள். சக்கரம் தரையைத் தொடும்வரை பனைமரங்களையும் கிணறுகளையும் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும் அவள் முந்தானையை உதறிச் சரிசெய்துகொண்டு நின்றாள். ஆறுமுகம் அவளுக்குப் பின்பக்கமாக, ஓசைப்படாமல் அடிவைத்து வந்தார். அவர் உதடு அசைவதை நான் பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை. இரண்டாம் முறையும் அசைந்தது. அவள் புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் கிட்டே வந்தார். பிறகு தோளைத் தொட்டார்.

அவள் திரும்பியதும் கைகள் இரண்டும் கிளம்பின. மலை, தண்ணீர், ரயில் தண்டவாளம், தறி, பிள்ளைகள், தலைப்பாகைக்குள் நான் குனிந்தது, எல்லாம் வந்தது. இடையில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைப்பாகை வந்த இடத்தில் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு ஆறுமுகம் என்னிடம் வந்தார். அடுத்த சுற்றுக்காக எஞ்சின் முழங்கிக்கொண்டிருந்ததோ, இல்லை என் காதுதான் முழங்கியதோ, அவர் பேசியது ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. நிறையப் பேசினார். அவர் உதட்டைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். கோபம்போலவும் இருந்தது, நன்றிபோலவும் இருந்தது. செல்லம்மாள் பக்கத்தில் நின்று என் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடைசியில் அவருடைய புருவம் உயர்ந்தது. அது ஏதோ கேள்வி என்பது மட்டும் புரிந்தது.

"ஆமாங்க" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கும்பிட்டார். மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஏரிக்கரை மேல் ஏறி மேற்கே நடந்தார்கள்.

காது மறுநாள் விடியற்காலை, ரயில் திருச்சியில் நின்றபோது திறந்தது. அவர் என்ன கேட்டார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.